மூச்சுத் திணறலும் கால் தடுமாற்றமும்



திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரு மழைக்காலங்கள். வைகாசி நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து இறங்கும். அது ஓய்ந்து முற்றம் நன்கு உலர்வதற்கு முன்னரே ஐப்பசி மழை தொடங்கிவிடும். ஆண்டில் பாதிக்கு மேல் இவ்வூர் வீடுகளின் முற்றத்துக் கற்களிலே பாசி பச்சையாகவே இருக்கும். ஆகவே இங்கு முதியவர் ஒருவர் விழுந்தார் என்றால், 'வழுக்கிற்று' என்னும் ஒரே சொல்லில் விசாரணை முடிந்துவிடுவது வழக்கம்.

நம் தாய்மாமன் விழுந்தபோதும் அவ்வாறே முடிந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து இளமையிலே வந்து, சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றலும் தானியமும் அடுக்கிய கிடங்கொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர் அவர். கிடங்கின் தூசியும் பீடிப் புகையும் சேர்ந்து அவருடைய நுரையீரலைக் கெடுத்தன. பீடியை விட்டு நெடுங்காலம் ஆகிறது. மூச்சுத் திணறல் மட்டும் அவரை விடவில்லை. ஒரு நாள் மாலை மழை வரும்போல் இருக்கவே, கொடியில் உலர்ந்த வேட்டியை எடுக்க முற்றத்தில் இறங்கினார். சற்று நேரத்தில் ஓசை கேட்டு நாம் ஓடினோம். மணிக்கட்டு முறிந்திருந்தது. "ஒண்ணுமில்லை மக்களே, வழுக்கிற்று" என்றார்.

முற்றத்தை நாம் பார்த்தோம். அவர் விழுந்த இடத்தில் பாசி இல்லை. கொடிக்குக் கீழே நாள்தோறும் நடந்து தேய்ந்த, சொரசொரப்பான கல் அது. பின்னர் மெல்ல மெல்லக் கேட்டறிந்ததில் உண்மை வேறாக இருந்தது. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார், மூச்சு முட்டிற்று, உடல் ஒரு பக்கம் சாய்ந்தது, காலைப் பெயர்த்து ஊன்றிக்கொள்ள முடியவில்லை. அவ்வளவே. அவ்வாண்டில் அவர் விழுந்தது அது மூன்றாம் முறை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முந்தைய இருமுறையும் எலும்பு முறியவில்லை. ஆகையால் அவர் எவரிடமும் சொல்லவில்லை. மாதந்தோறும் பார்த்துவந்த மருத்துவரும் இருமலைக் கேட்டார், சளியின் நிறத்தைக் கேட்டார், உறிஞ்சுமருந்து தீர்ந்ததா என்று கேட்டார். விழுந்தீரா என்று கேட்கவில்லை. மார்பு நோய்க்கு மருந்து வாங்கச் செல்பவர் கால் தடுமாற்றத்தைப் பற்றிப் பேசுவது, பல்வலிக்குச் செல்பவர் செருப்பைப் பற்றிப் பேசுவது போலத்தான் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று நூல்களில் வழங்குவது, மூச்சுக் குழல்கள் சுருங்கித் தடித்து, நுண்ணறைகள் சிதைந்து, உள்ளே சென்ற காற்று எளிதில் வெளியேறாதபடி அடைபடும் நோய். நம் வீடுகளில் இதனையும் ஆஸ்துமாவையும் வேறுபாடின்றி 'இழுப்பு' என்று சொல்லிவிடுகிறோம். புகையிலையே இதன் முதற்காரணம். எனினும் புகையிலையைத் தொட்டறியாத பெண்களுக்கும் இந்நோய் வருகின்றது. விறகும் வறட்டியும் எரிந்த அடுப்புகளின் முன் அவர்கள் கழித்த ஆண்டுகளே அதற்குக் காரணம். கிடங்கு, ஆலை, கல்லுடைப்பு முதலிய தொழில்களின் தூசியும் காரணமாகும். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 35 லட்சம் மக்கள் இந்நோயால் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததென்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர்.

இத்தகையோர் பிறரினும் அதிகமாக விழுகின்றனர். கனடாவின் வான்கூவர் நகரில் இந்நோயாளர் நூற்றுவரை ஆறு திங்கள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ மூவரில் ஒருவர் அக்காலத்துக்குள் ஒருமுறையேனும் விழுந்திருந்தார். முதுமையால் மட்டும் இத்தனை பேர் விழுவதில்லை.

நுரையீரல் நோய்க்கும் நிலை தவறுவதற்கும் தொடர்பு யாது? காரணங்கள் பல. மூச்சு முட்டும் என்று அஞ்சி நடையைக் குறைத்துக்கொண்டவருக்குத் தொடைத் தசைகள் மெலிந்துபோகின்றன. அடிக்கடி நோய் முற்றிச் ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உண்ண நேர்ந்தவருக்குத் தசையும் எலும்பும் மேலும் நலிகின்றன. அவர் எளிதில் விழுவார், விழுந்தால் எளிதில் முறியும். இரத்தத்தில் பிராணவாயு குறையும்போது தலை கிறுகிறுக்கும். வீட்டில் பிராணவாயுக் கருவி வைத்திருப்போருக்கு, மூக்கிலிருந்து கருவிவரை தரையில் கிடக்கும் நீண்ட குழாயே காலைத் தட்டிவிடும் கயிறாகிறது.

இவை எல்லாவற்றினும் வியப்பானது உதரவிதானத்தின் கதை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் கவிந்திருக்கும் இத்தசையை மூச்சுக்கென்றே அமைந்ததாக நாம் பள்ளியில் படித்தோம். ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்கு வேறொரு பணியும் உண்டு என்று காட்டிற்று. நின்றுகொண்டிருக்கும் ஒருவர் கையை விரைந்து தூக்கினால், கையைத் தூக்கும் தசை இயங்குவதற்கு ஒரு கணம் முன்னதாகவே உதரவிதானம் இறுகுகின்றது. கை எழும்போது உடலின் நிறை இடம் மாறும். அம்மாற்றத்துக்கு நடுவுடலை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி நிறுத்துவது அதன் பணி. ஒரே பணியாளுக்கு இரண்டு வேலை என்று கொள்ளலாம். அப்படியாயின் மூச்சுவிடும் வேலை மிகுந்துவிட்டால் மற்றை வேலை என்னாகும்? 2001இல் அவர்களே அதையும் சோதித்தனர். நோயற்ற இளைஞர்களை நீண்ட குழாய் வழியாக மூச்சுவிடச் செய்து மூச்சின் தேவையைப் பெருக்கினார்கள். சற்று நேரத்தில், உடலை நிறுத்தும் வேலையில் உதரவிதானத்தின் பங்கு குறைந்துவிட்டது. பணியாள் முதலாளியின் அவசரத்துக்கு ஓடிவிட்டான். வாயிலில் காவல் இல்லை.

நல்ல உடல்நலம் உள்ள இளைஞருக்கே இவ்வாறாயின், ஒவ்வொரு மூச்சையும் உழைத்துப் பெறும் எழுபது வயதினர் கையை உயர்த்திக் கொடியிலிருந்து வேட்டியை எடுப்பது எத்தகைய செயல் என்று எண்ணிப் பாருங்கள். தோளிலும் கழுத்திலும் உள்ள தசைகளை அவர் மூச்சுக்குத் துணையாகக் கொண்டிருக்கிறார். கையைத் தூக்கியதும் அத்துணையும் போய்விடுகிறது. மூச்சு முட்டுகிறது, முட்டவே உதரவிதானம் நிலைகாக்கும் பணியைக் கைவிடுகிறது. இந்நோயாளர் நிற்கையில் நோயற்றோரைக் காட்டிலும் பக்கவாட்டில் மிகுதியாக அசைகின்றனர் என்று ஆஸ்திரேலியாவிலேயே 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் கூறுகிறது. மாமன் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். பாசியைக் குறைகூறுவதற்கு இல்லை.

முன்னாளில் இந்நோயாளருக்கு மருத்துவர் விதித்தது ஓய்வு. மூச்சு வாங்குகிறதா, உட்காருங்கள். மேலும் வாங்குகிறதா, படுத்துக்கொள்ளுங்கள் என்பதே முறை. இம்முறையால் தசை கரைந்து, கரைந்ததனால் சிறு நடைக்கும் மூச்சு வாங்கி, நோயாளர் கட்டிலோடு கட்டுண்டனர். நியூயார்க் நகரின் ஆல்வன் பாரக் என்னும் மருத்துவர் 1952இலேயே, பிராணவாயுவின் துணையோடு நடைப்பயிற்சி தரப்பட்ட நோயாளர் பின்னர் அத்துணையின்றியும் நடக்கலானதைக் குறிப்பிட்டு, ஓய்வுக் கொள்கையை ஐயுற்றார். அவர் சொல் பல ஆண்டுகள் ஏறவில்லை. அறுபதுகளில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்பவரும் லூயிஸ் நெட் என்னும் செவிலியும் பயிற்சி, மூச்சுமுறை, அறிவுரை ஆகியவற்றை ஒன்றாக்கி ஒரு திட்டமாக நடத்திக் காட்டிய பின்னரே, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்பது மருத்துவத்தில் நிலைபெற்றது.

அப்பயிற்சியில் நடையுண்டு, மிதிவண்டிக் கருவியுண்டு, கைகால் தசைகளுக்கு எடையுண்டு. நிலை தவறாதிருக்கும் பயிற்சி மட்டும் நெடுங்காலம் இல்லை. நடை பழகினால் நிலையும் தானே வந்துவிடும் என்று எண்ணினர் போலும். அவ்வாறு வருவதில்லை, வந்தாலும் மிகச் சிறிதே வருகிறது என்பதைக் கனடாவில் மார்லா போஷாம் என்னும் இயன்முறை மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டார். பின்னர் நாற்பது நோயாளரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2013இல் வெளியிட்டார். ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியை மட்டும் செய்தனர். மற்றொரு பிரிவினர் அதனுடன் வாரம் மும்முறை, ஆறு வாரங்கள், நிலைப் பயிற்சியும் செய்தனர். நிலையை அளக்கும் சோதனைகளில் இரண்டாம் பிரிவினர் தெளிவாக முன்னேறினர். 2015இல் துனிசியா நாட்டினர் ஆறு திங்கள் பயிற்சி தந்து கண்டதும் இத்தகையதே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனையில் மதிப்பெண் உயர்ந்தது வேறு. வீட்டில் விழாதிருப்பது வேறு. நாற்பது பேரைக்கொண்ட ஆராய்ச்சி, விழுதல் குறைந்தது என்று நிறுவும் அளவுக்குப் பெரியதன்று. மேலும், 'நான் விழமாட்டேன்' என்னும் தன்னம்பிக்கை பற்றி வினாக்கள் கேட்டபோது இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. கால் தேறிற்று, மனம் தேறவில்லை. இதனை நாம் மாமனிடமும் கண்டோம், பின்னர்ச் சொல்லுவோம்.

திருவனந்தபுரத்தில் மார்பு நோய் என்றால் முதியோர் நினைவுக்கு வருவது ஆக்குளத்தை அடுத்த புலயனார்கோட்டை. முன்னர்க் காசநோயாளருக்கென விளங்கிய குன்றின்மேல் இன்று மார்பு நோய்களுக்கான அரசு மருத்துவமனை இருக்கின்றது. 1951இல் நேருவால் திறந்துவைக்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியும் நகரிலேயே உண்டு. ஆனால் வாரம் மும்முறை பேருந்தேறிப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் வலிமை இருந்தால் அவர் நோயாளரே அல்லர். கேரள அரசினர் 2017இல் ஆர்த்ரம் என்னும் இயக்கத்தைத் தொடங்கி ஆரம்பச் சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய நிலையங்களாக மாற்றி வந்தபோது, அவற்றில் 'சுவாஸ்' என்னும் மூச்சுநோய்ப் பிரிவுகளையும் ஏற்படுத்தலாயினர். நோயைக் கண்டறிதல், உறிஞ்சுமருந்தைச் சரியாக இழுக்கக் கற்பித்தல், புகைப்பழக்கத்தை விடுவித்தல், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றை நடக்கும் தூரத்திலேயே தரும் நோக்கம் அது. அறுபது வயது கடந்தோரின் விழுக்காடு 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டிலேயே மிகுதியாக இருந்த மாநிலம் கேரளம். இத்தகைய ஏற்பாடு இங்கு முளைத்ததில் வியப்பில்லை. அங்கே செல்லும் நம்மவர், 'நிலை தவறாதிருக்கப் பயிற்சி உண்டா' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேளாதவருக்கு உறிஞ்சுமருந்து மட்டுமே கிடைத்தால் குறைகூற இயலாது.

ஓர் இடைச்செருகல். கிழக்கேகோட்டைக்கு அருகே 1956இல் நிறுவப்பெற்ற சி. வி. என். களரியில், விடியற்காலையில் இளைஞர் பயிலுவதை வாயிற் படியில் நின்று பார்த்திருக்கிறோம். ஒற்றைக்காலில் நின்று, மறுகாலைத் தலைக்குமேல் வீசி, அணுவும் அசையாமல் மீண்டும் ஊன்றுகிறார்கள். நிலை என்பது வாய்க்கப்பெற்றது அன்று, பழகிப் பெறுவது என்பதற்கு அக்காட்சியைவிடச் சான்று வேண்டா. மாமனைக் களரிக்கு அனுப்புங்கள் என்று நாம் சொல்லவில்லை! அவர் ஒற்றைக்காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினாலே போதும்.

இனி அப்பயிற்சியைப் பார்ப்போம். மருத்துவரையும் இயன்முறைப் பயிற்சியாளரையும் கலந்துகொள்ளாமல் தொடங்கலாகாது. இதய நோயும் சேர்ந்திருப்போர் பலர். முதலில் அவர்கள் உங்களை அளப்பார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி தூரம் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் விதி. எதையும் பிடிக்காமல் ஒற்றைக்காலில் ஐந்து விநாடி நிற்க இயலாதவர் விழுந்து காயமுறும் வாய்ப்பு அதிகம் என்பது மற்றொன்று. கனடாவின் காதரின் பெர்க் வகுத்த சோதனையில் பதினான்கு செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். மாமனுக்கு அதில் கிடைத்த எண்ணை அவர் இன்றுவரை நமக்குச் சொல்லவில்லை. கணக்கெழுதியவர் அல்லவா, குறைந்த இருப்பை வெளியிட அவருக்கு மனம் வரவில்லை.

பயிற்சிக்கு வீட்டில் மிகவும் ஏற்ற இடம் சமையலறை மேடை. அது இடுப்பளவு உயரம், அசையாது, முன்னால் பிடித்துக்கொள்ளலாம். பின்னால் ஓர் உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். உண்டவுடன் செய்யலாகாது, மூச்சுக்குழலை விரிக்கும் உறிஞ்சுமருந்தை மருத்துவர் சொன்னபடி முன்னதாக எடுத்துக்கொண்டு செய்வது நலம். வேட்டியின் நுனி தரையில் புரளக்கூடாது. தேய்ந்த ரப்பர் செருப்பு ஆகாது.

முதற்படி, இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்றல். அது எளிதானால், ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி முன்பின்னாக வைத்து நிற்றல். பின்னர் ஒற்றைக்கால். முதலில் இரு கையாலும் மேடையைப் பிடிக்கலாம். பிறகு ஒரு கை. பிறகு ஒரு விரல். கடைசியில் கை மேடைக்கு மேலே காற்றில். நிற்பதில் தேறியபின் அசைவு. மேடையோரமாகப் பக்கவாட்டில் அடிவைத்துச் செல்லல், திரும்பி வரல். இதனை நாம் மிகவும் வற்புறுத்துவோம். இந்நோயாளர் தடுமாறுவது பக்கவாட்டில் என்று முன்னரே கண்டோம் அல்லவா? குதிகால்மேல் விரல் படும்படி கோட்டில் நடத்தல். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். இது தொடைக்கும் வலிமை தரும், நிலைக்கும் பயிற்சி. நின்றவாறே தலையை இடமும் வலமும் திருப்புதல். ஒரு கையை நீட்டி அலமாரியில் ஒரு பொருளை வைத்தல், எடுத்தல்.

இத்தனையும் பிற முதியோருக்குச் சொல்லும் பயிற்சிகளே. நுரையீரல் நோயாளருக்கு வேறுபாடு மூச்சில் உள்ளது. நிற்க முயலும்போது நம்மையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். ஊசியில் நூல் கோக்கும்போது அடக்குவதுபோல. இவர்களுக்கு அது ஆகாது. முயற்சி எப்போதோ அப்போது மூச்சை வெளியே விட வேண்டும். எழும்போது விடுக, கையைத் தூக்கும்போது விடுக, ஓய்வில் இழுக்க. விடுவதும், சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து, இழுத்ததைப்போல் இருமடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும். அவ்வாறு விட்டால் குழல்கள் மூடிக்கொள்ளாமல் அடைபட்ட காற்று வெளியேறும். ஒரு பயிற்சி செய்து, உட்கார்ந்து, மூச்சு தன் நிலைக்கு வந்தபின் அடுத்தது. ஓரளவு மூச்சு வாங்குவது இயல்பு; அஞ்ச வேண்டா. வாக்கியத்தை முடிக்க முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்தி உட்கார வேண்டும். அன்று சளியும் காய்ச்சலும் மிகுந்திருந்தால் பயிற்சிக்கு விடுமுறை. பிராணவாயுக் குழாய் உடையோர் அதனை ஒரு பக்கமாக ஒதுக்கி, திரும்பும்போது காலில் சுற்றாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

அயல்மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு மற்றொரு தொல்லை உண்டு. மொழிபெயர்ப்பு நம் பிழைப்பாகையால் அது நம் கண்ணில் பட்டது. தமிழர் 'மயக்கம்' என்றால் தலை சுற்றுவதையோ நினைவிழப்பதையோ குறிப்பார். மலையாளத்தில் அதே சொல் தூக்கக் கலக்கத்தைக் குறிக்கும். தலை சுற்றுவதற்கு அங்கே 'தலகறக்கம்' என்பர். பிற நோய்களில் இவ்வேறுபாடு சிரிப்போடு போய்விடும். இந்நோயில் போகாது. நுரையீரல் மிகவும் தளர்ந்து கரியமிலவாயு உடலில் தேங்கும்போது நோயாளர் தூங்கித் தூங்கி விழுவார், பேச்சுக் குழறும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஆபத்து அது. எழுந்து நிற்கையில் தலை சுற்றுவதற்கோ காரணமும் மருந்தும் வேறு. ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் மற்றொன்றைக் கேட்டுக்கொண்டால் என்னாகும்? ஆகையால் கேரளத்தில் 'மயக்கம்' என்ற சொல்லையே தவிர்த்து, என்ன நேர்ந்தது என்பதைச் செயலாகச் சொல்லுங்கள்: 'எழுந்து நின்றேன், அறை சுற்றிற்று', 'பகலெல்லாம் கண் மூடுகிறது', 'கால் பக்கவாட்டில் போயிற்று'. வடக்கே தலைசுற்றலைச் 'சக்கர்' என்றால் விளங்கும். மராத்தியர் மூச்சு வாங்குவதைத் 'தம் லாகணே' என்பர். பம்பாயில் மருத்துவர் 'தம்' என்று தொடங்கியதும் நம்மவர் சிலர் புகைப்பழக்கத்தை விசாரிக்கிறார் என்றெண்ணி, 'அதெல்லாம் விட்டாயிற்று' என்று விடையளித்தாலும் அளிப்பர்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. மகனோடும் மகளோடும் வாழ அயலூர் வந்த பெற்றோர் தாம் விழுந்ததைச் சொல்லுவதில்லை. சொன்னால் தனியே வெளியே விடமாட்டார்கள். கோயிலுக்கும் கடைக்கும் செல்லும் சிறு உரிமையும் பறிபோகும் என்ற அச்சம். அவ்வச்சம் நியாயமானதே. நாமும் மாமன் விழுந்த மறுநாள் முதலில் செய்தது, முற்றத்துக் கதவைத் தாழிட்டதுதான். அன்பினால் செய்தோம். இரண்டு வாரம் அவர் நாற்காலியில் இருந்தார். மணிக்கட்டின் கட்டைப் பிரித்தபோது கால்கள் முன்னைவிடத் தளர்ந்திருந்தன. திண்ணைப் படியொன்றை ஏறவே மூச்சு வாங்கிற்று. ஓய்வு எவ்வளவு விரைவில் ஆளைத் தின்னும் என்பதை நாம் ஏட்டில் படிக்கவில்லை, வீட்டிலே கண்டோம். தாழ்ப்பாளை நாமே திறந்தோம்.

அதன்பின் அவரைக் கேட்டுக்கொண்டு சில மாற்றங்கள் செய்தோம். குளியலறையில் சுவரோடு பிடிக்கம்பி. இரவில் வழிநடையில் சிறுவிளக்கு. குளிக்கையில் உட்கார ஒரு முக்காலி. நின்றுகொண்டு தலைதுவட்டுவதும் கைதூக்கும் வேலையே என்பதால் அதுவும் முக்காலியிலேயே. பாசியையும் சுரண்டினோம், குற்றவாளி அதுவன்று என்பதற்காக அதனை வளரவிட வேண்டியதில்லை. துணிக்கொடியை மட்டும் இறக்கிக் கட்ட அவர் இசையவில்லை. "அது இருந்த இடத்திலே இருக்கட்டும்" என்றார்.

பயிற்சி தொடங்கி மூன்று திங்கள் ஆகின்றன. வாரத்தில் இருநாள் பயிற்சியாளரிடம். மற்ற நாள் சமையல் மேடையில். பக்கவாட்டு நடை நன்றாக வருகிறது. கையூன்றாமல் எழுகிறார். ஆயினும் நெடுநாள் கொடிப்பக்கம் போகாமலே இருந்தார். வேட்டியை எடுக்க நம்மைக் கூப்பிடுவார். கால் தேறியும் மனம் தேறாத நிலை. பயிற்சியாளர் அம்மை இதனைக் கேட்டதும், மேடையோரத்தில் செய்ததைக் கொடியடியிலே செய்யச் சொன்னார். முதல் வாரம் கொடிக்குக் கீழே வெறுமனே நிற்றல். அடுத்த வாரம் ஒரு கையைத் தோளளவு தூக்கி, உதடு குவித்து மூச்சை விடுதல். பிறகு ஒரு கையால் துண்டொன்றை எடுத்தல், மறுகை தூணில். இப்போது வேட்டியையும் எடுக்கிறார், ஒரு கையால், இரண்டு தவணையாக. நடுவே நின்று ஊதுகிறார். நாம் திண்ணையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, படிப்பதுபோல் இருந்து பார்க்கிறோம். அவருக்கும் அது தெரியும்.

ஒற்றைக்காலில் நிற்கும்போது அவர் எண்ணுவது மலையாளத்தில். பயிற்சியாளர் அம்மை எண்ணிக் காட்டியபடியே மனத்தில் பதிந்துவிட்டது. நேற்றுக் காலை ஒன்பதுவரை கை மேடையைத் தொடவில்லை, பத்தில் தொட்டார். இடக்கால் இன்னும் ஆறிலேயே நிற்கிறது.